நீலாம்பரி குட்டியும் எங்கள் முதலாளியும்

ஓசூர்ப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் இப்போது வேலை பார்க்கிற இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒருவர் கால்நடை மருத்துவர். இன்னொருவர் மேற்பார்வையாளர். அவர்கள் பண்ணையில் சினைக் குதிரைகளின் அறைகளில் கேமரா வைத்திருக்கிறார்களாம். வலி வந்தால் வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமாம். "உங்க காலத்துல எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். வைக்கோல் மேல் உட்கார்ந்து சமாளித்தோம் என்றேன். சிரித்தார்கள்.

பிறகு அந்த மருத்துவர், "உங்க முதலாளி எப்படிப்பட்ட மனுசன் சார்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார்.

ஏதோ பொதுவாகச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போனபிறகு அந்தக் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு வரியில் சொல்ல முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் முதலாளி பெயர் விசுவநாதன். கோயம்புத்தூரில் நூல் மில்களும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையும் வைத்திருந்தார். மாரண்டஹள்ளிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எங்கள் ஊருக்கு மேட்டில் நிலம் வாங்கி, பந்தயக் குதிரைகளை இனப்பெருக்கம் செய்யும் பண்ணை ஒன்றை அமைத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே சேர்ந்தேன். எங்களுடையது மானாவாரிக் குடும்பம். ராகியும் நிலக்கடலையும் மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே நின்றபோது, பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் போனேன். சாணி அள்ளினேன், உடம்பு தேய்த்தேன், குளம்பு சுரண்டினேன். இரண்டு வருடத்தில் ஒரு குதிரைக்குத் தனியாகப் பொறுப்பேற்கும் சைஸ் ஆனேன். குதிரையைப் பராமரிக்கிற ஆளுக்கு அங்கே அதுதான் பெயர்.

முதலாளி மாதத்தில் இரண்டு தடவை வெள்ளை அம்பாசிடரில் வருவார். வேட்டி, அரைக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. பங்களாவுக்குப் போகமாட்டார். வண்டியை விட்டு இறங்கியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் போவார். கையை விட்டு எடுத்து மோந்து பார்ப்பார். அடுத்தது தீவன அறை. ஓட்ஸை உள்ளங்கையில் எடுத்து ஊதுவார். தூசி பறந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் குதிரைகள். ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தட்டிக்கொடுக்கமாட்டார், சர்க்கரை கொடுக்கமாட்டார். சைஸிடம் மூன்றே கேள்வி: "தின்னுச்சா? தண்ணி குடிச்சுதா? சாணி எப்படி?"

பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். திட்டமாட்டார். ஆனால் வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவன், "நல்லா குடிச்சுதுங்க" என்றான். முதலாளி உள்ளே போய் வாளியைப் பார்த்தார். விளிம்புவரை நிறைந்திருந்தது. அவனிடம் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து மேஜரிடம், "இவனை மில்லுக்கு அனுப்பிச்சிருங்க. அங்க மிஷின் எல்லாம் தானாவே சொல்லிரும்" என்றார். மேஜர் என்பவர் எங்கள் மேனேஜர். குடகுக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். அந்தப் பையன் மில்லில் சேர்ந்து எங்களைவிட அதிகச் சம்பளம் வாங்கினான் என்பது வேறு விஷயம்.

முதலாளி பந்தயத்தில் பணம் கட்டியதே கிடையாது. இது எங்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கட்டாதவர் எதற்கு இவ்வளவு செலவழிக்கிறார்? ஒருநாள் ஒரு குதிரை குட்டி போடும் நேரம். அவரும் நானும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவராகவே சொன்னார்:

"மில்லுல பஞ்சைப் போட்டா நூல் வரும், ஆரோக்கியம். என்ன நூல், எத்தனை கிலோன்னு காலையிலயே சொல்லிருவேன். இங்க பதினோரு மாசம் காத்துக்கிட்டு இருந்தாலும் என்ன வரும்னு தெரியாது. எனக்குத் தெரியாத ஒண்ணு வேணுமில்ல?"

தன் சொந்தத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

தாய்க்குதிரைகளுக்கெல்லாம் அவர் ராகங்களின் பெயர்களை வைத்திருந்தார். கல்யாணி, சாரங்கா, ஆனந்தபைரவி. பெங்களூரில் இருந்து வருகிற பயிற்சியாளர்களுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. என் பொறுப்பில் இருந்தது நீலாம்பரி. கறுப்பு கலந்த சிவலை நிறம். நிதானமான குதிரை, ஆனால் குட்டியைத் தொட்டால் உதைக்கும். குட்டிகளுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. அவை விலைக்குப் போய், வாங்கியவர் வைப்பதுதான் பெயர். அதுவரை தாய் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நீலாம்பரி போட்ட பெண்குட்டி ஒன்றை மட்டும் முதலாளி விற்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். அது நடக்கிற நடையைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் அங்கேயே நின்று விலை கேட்டார். முதலாளி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். நாளைக்கு இந்தப் பண்ணையே அந்தக் குட்டியின் வம்சமாக இருக்கும் என்று மேஜரிடம் சொன்னாராம்.

அப்படி இருக்கும்போதுதான் மழை பொய்த்தது. ஒரு வருடம் இல்லை, தொடர்ந்து இரண்டு வருடம். காரிமங்கலம் சந்தைக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வெறுங்கையுடன் திரும்பினார்கள். எங்கள் ஊர்ப் பொதுக்கிணறு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. பெண்கள் கயிற்றில் இறங்கி, தட்டால் வழித்துக் குடத்தில் ஊற்றினார்கள்.

பண்ணையில் தண்ணீர் இருந்தது. ஊருக்கு மேட்டில் ஆழமாகப் போட்ட போர் அது. குதிரைகள் குடிப்பது பெரிய விஷயம் இல்லை. குதிரைமசால் என்று ஒரு பசுந்தீவனம் ஏக்கர் கணக்கில் போட்டிருந்தோம். தாய்க்குதிரைகளுக்கு அது இல்லாமல் பால் ஊறாது. அதற்குத்தான் மோட்டார் பகலெல்லாம் ஓடியது. சுற்றிலும் செம்மண் வெடித்துக் கிடக்க, எங்கள் வேலிக்குள் மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு இறங்கும்போது எனக்கே அதைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

ஊர்ப்பெண்கள் குடத்துடன் கேட்டுக்கு வந்தார்கள். மேஜர் முதலில் விட்டார். மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் ஒரு வரிசை, எங்கள் ஆட்கள் ஒரு வரிசை என்று சண்டை வந்தது. ஒரு பெண்ணின் தலையில் குடம் விழுந்து ரத்தம். மேஜர் கேட்டைச் சாத்திவிட்டார். "முதலாளி வரட்டும், நானா முடிவு பண்ண முடியாது" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதலாளியோ மில் ஸ்டிரைக்கில் மாட்டிக்கொண்டு அந்த மாதம் வரவே இல்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம். காலையில் ஒரு வயதுக் குட்டிகளை வேலிபோட்ட புல்வெளியில் அவிழ்த்துவிட்டோம். புல்வெளியின் ஓரமாகத்தான் மசால் காட்டுக்குப் போகிற குழாய். நான் லாயத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வெடித்த மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் வேலியோரம் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. யாரோ குழாயை அரிவாளால் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் குடத்துடன் நாலைந்து பேர். குட்டிகள் மிரண்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடின. மற்றவை திரும்பிவிட்டன. நீலாம்பரி குட்டி மட்டும் நேராகப் போய் வேலிக்கட்டையில் மோதியது.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அது எழுந்து நின்றிருந்தது. மூன்று காலில். முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அரிவாளுடன் நின்றவனைப் பார்த்தேன். என் மனைவியின் தம்பி சவரிமுத்து. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டான். ஓடவில்லை. குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள்தான் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பண்ணை டாக்டர் வந்து பார்த்தார். காலைத் தொட்டதுமே, இது ஒட்டாது, உயிரை முடித்துவிட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார். முதலாளியைக் கேட்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது என்பது பண்ணை விதி. மேஜர் டிரங்க் கால் போட்டார். முதலாளி அங்கிருந்து அப்படியே புறப்பட்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். அதுவரை நான் குட்டியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அவர் தொட்டிக்குப் போகவில்லை. நேராகப் புல்வெளிக்கு வந்தார். குனிந்து காலைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"தண்ணி குடிச்சுதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க. காலையில இருந்து எதுவும் இல்லீங்க."

அவரே போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். முதலாளி வாளி தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. வாளியைக் குட்டியின் வாய்க்குக் கீழே பிடித்தார். அது மெதுவாகக் குடித்தது. குடித்து முடித்து, மூக்கை அவர் சட்டையில் துடைத்தது. அதன் பிறகே டாக்டரிடம் "சரி" என்றார். என்னிடம் இருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, "நீ தள்ளிப் போ" என்றார். நான் திரும்பி நின்றுகொண்டேன். கீழே சாய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. மேஜர், "போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துரலாம் சார். ஆள் யாருன்னு மட்டும் தெரியலை" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "குழாயை வெட்டுனது யாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பண்ணை ஆட்களில் என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்பவனை அவர் ஒருபோதும் தண்டித்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியும். கையில் அந்தக் குட்டியின் வியர்வை இன்னும் காயவில்லை. வீட்டில் என் மனைவியின் முகமும் நினைவுக்கு வந்தது.

"என் மச்சினனுங்க. சவரிமுத்து" என்றேன்.

மேஜர் திரும்பிப் பார்த்தார். முதலாளி கேட்டார்:

"எதுக்கு வெட்டுனான்?"

"தண்ணிக்குங்க."

"நம்மகிட்ட வந்து கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நாம என்ன சொன்னோம்?"

"இல்லைன்னு சொன்னோமுங்க."

"உங்க ஊர்க் கிணறு எங்க இருக்குது? காட்டு."

சித்திரை வெயிலில் அந்த மேட்டில் இருந்து ஊருக்கு அவர் நடந்தே இறங்கினார். நானும் மேஜரும் பின்னால் போனோம். கிணற்றடியில் பெண்கள் இருந்தார்கள். என் மனைவி லூர்துமேரியும் இருந்தாள். தம்பி செய்தது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலாளியைப் பார்த்ததும் எல்லாரும் ஒதுங்கினார்கள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். கீழே ஒரு பெண் சேற்றில் நின்று தட்டால் வழித்துக்கொண்டிருந்தாள்.

லூர்துமேரி சாதாரணமாக வெளி ஆண்களிடம் பேசமாட்டாள். அன்றைக்கு என்ன வந்ததோ, "ஏனுங்க, உங்க குதிரை ஒண்ணு ஒரு நாளைக்கு எத்தினி கொடம் குடிக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

முதலாளி கோபப்படவில்லை. கணக்குக் கேட்டால் கணக்குச் சொல்கிற மனிதர் அவர். "மூணு கொடம். பால் குடுக்கற குதிரைன்னா அஞ்சு, ஆறு."

"எங்க வூட்டுல ஆறு பேருங்க. ரெண்டு கொடம் கெடைக்குது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். பண்ணைக்கு வந்ததும் மோட்டார் ரூமுக்குப் போனார். தன் கையாலேயே மசால் காட்டுக்குப் போகிற வால்வை மூடினார்.

"மசாலுக்கு இனி தண்ணி வேண்டாம், மேஜர். அந்தத் தண்ணியை ஊரு எல்லைவரைக்கும் குழாய் போட்டு, ஒரு தொட்டி கட்டி விட்ருங்க. ரெண்டு ஊருக்கும் ரெண்டு குழாய். சண்டை வரக்கூடாது."

"மசால் இல்லைன்னா குதிரைங்க என்ன சார் பண்ணும்?"

"வெளியூருக்கு அனுப்பறேன்."

"இதை எந்தக் கணக்குல எழுதறது சார்? தர்மமா?"

"தர்மமும் இல்லை, கிர்மமும் இல்லை. வேலியைக் காப்பாத்தற செலவுன்னு எழுதிக்கோங்க."

இந்த வார்த்தையைத்தான் நான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இரக்கப்பட்டுக் கொடுத்தாரா, மறுபடியும் குழாயை வெட்டுவார்கள் என்ற பயத்தில் கொடுத்தாரா? இரக்கத்தை இரக்கம் என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் உண்டு. கணக்கை மட்டுமே நம்புகிறவர்களும் உண்டு. அவர் இதில் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. என் மாமனார் அன்றே சொன்னார்: "நம்ம கெணத்துத் தண்ணிய மேட்டுல போர் போட்டு இழுத்துக்கினாரு. இப்ப நமக்கே கொழா போட்டுக் குடுக்கறாரு. இதுக்குக் கையெடுத்துக் கும்பிடணுமா?" அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்தக் கோடையில் எங்கள் குழந்தைகள் குடித்ததும் அந்தத் தண்ணீர்தான்.

சவரியை வரச்சொன்னார். அவன் வந்தான். அடிப்பார், போலீஸில் கொடுப்பார் என்று நினைத்து, சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்றான். முதலாளி அவனைக் குட்டியைப் புதைத்து மூடியிருந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"தண்ணி தரலைன்னு என் மேல கோவம். சரி. இது உன்னை என்ன பண்ணுச்சு?"

சவரி வாய் திறக்கவில்லை.

"கேஸ் கீஸ் ஒண்ணும் இல்லை. ஆனா இந்தக் கேட்டுக்குள்ள நீ காலை வைக்கக்கூடாது. என் கண்ணுல படாத."

மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. அவர் கடைசிவரை அந்த வார்த்தையில் இருந்து மாறவும் இல்லை. பண்ணையில் ஆள் பற்றாக்குறை வந்தபோது நான் ஒருமுறை சவரிக்காகக் கேட்டேன். "வேற யாரையாவது சொல்லு" என்றார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அடுத்த தடவை வந்தபோது வழக்கம்போல நீலாம்பரியின் அறை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தின்னுச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

தாய்க்குதிரைகள் புனே பக்கம் அவருடைய நண்பர் ஒருவரின் பண்ணைக்கு லாரியில் போயின. ஏற்றும் முறை என்று ஒன்று உண்டு: முதலில் மூத்த குதிரையை ஏற்ற வேண்டும், மற்றவை அதைப் பார்த்து ஏறும். நீலாம்பரிதான் முதலில் ஏறியது. போகிற வழியில் இரண்டு குதிரைகளுக்குச் சினை கலைந்தது. புது இடத்தில் பிறந்த குட்டிகள் சோப்ளாங்கியாக இருந்தன. அடுத்த வருடம் ஏலத்துக்குக் கொண்டுபோக நல்ல குட்டியே இல்லை. ராகிக்காட்டுக்குத் தண்ணீர் விட்டுக் குதிரைப் பண்ணையை அழித்துக்கொண்டார் என்று பெங்களூரில் கேலி பேசினார்களாம். மழை வந்து, மசால் மறுபடி முளைத்து, குதிரைகள் திரும்பி வந்தபோதும் பண்ணை பழைய நிலைக்கு வரவில்லை. பெரிய பந்தயம் ஒன்றை ஜெயிக்கிற குதிரையைத் தன் மண்ணில் பிறக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது நடக்கவே இல்லை. நீலாம்பரி அதற்குப் பிறகு போட்டதெல்லாம் ஆண்குட்டிகள், சுமாரானவை.

எண்பதுகள் முடியும் தறுவாயில் மில் ஆபீசில் உட்கார்ந்திருந்தபடியே அவருக்கு மாரடைப்பு வந்தது. செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் காரியமும் முடிந்துவிட்டது. இருந்தாலும் ஒருதரம் போய் வரவேண்டும் என்று தோன்றியது. விடிந்ததும் மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே சவரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

"நானும் வர்றேன் மாமா" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தர்மபுரி போய், சேலம் போய், கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பெரிய வீடு. முதலாளியின் மகன் வெளியே வந்தார். "மில்லுல எந்த செக்‌ஷன்?" என்றார். "மில்லு இல்லீங்க, குதிரைப் பண்ணை" என்றேன். "ஓ" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுச் சுவரில் மில் படங்கள் இருந்தன, பேரக்குழந்தைகளின் படங்கள் இருந்தன. ஒரு குதிரைப் படம்கூட இல்லை.

"நான் அங்க வந்ததே இல்லீங்க" என்றார் அந்த அம்மா. "எங்கப்பா குதிரை ரேஸ்லதான் எல்லாச் சொத்தையும் தொலைச்சாரு. அதனால அந்தப் பேச்சே வீட்டுல எடுக்கக்கூடாதுன்னு கல்யாணம் ஆனப்பவே சொல்லிப்போட்டேன். பணம் கட்டமாட்டேன்னாங்க, கட்டலை. பேசமாட்டேன்னாங்க, பேசவும் இல்லை. அங்க அவுங்க எப்படி இருப்பாங்க?"

தண்ணீரை மோந்து பார்ப்பதை, ஓட்ஸை ஊதுவதை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். யாரோ தெரியாத ஒருவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

சவரி அதுவரை கதவோரம் நின்றிருந்தான். திடீரென்று, "அம்மா" என்றான். "நான் அவுரு குட்டியக் கொன்னவனுங்க."

மகன் நிமிர்ந்து பார்த்தார். நான் சவரியின் கையைப் பிடித்தேன். அவன் விடுவித்துக்கொண்டான்.

"குதிரைக் குட்டிங்க. கொல்லணும்னு இல்லீங்க. தண்ணி வேணும்னு கொழாவ வெட்டினேன். அது பயந்துகினு ஓடி வேலியில முட்டிக்கிச்சு. அது உன்னை என்ன பண்ணுச்சுன்னு கேட்டாரு. அன்னிக்கு எனக்குப் பேச வாய் வரல. அவருகிட்டச் சொல்லணும்னு இருந்தேன். என்னை உள்ள வுடல."

"எப்ப இது?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"அந்தப் பஞ்சத்துலங்க. சித்திரை மாசம். மில்லுல ஸ்டிரைக் நடந்த வருசம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சித்திரையில நாலஞ்சு நாளு அவுங்க சோத்துல கையே வைக்கலை. ஒருநாள் பாத்ரூம்ல இருந்து கண்ணெல்லாம் செவந்து வந்தாங்க. என்னங்கன்னு கேட்டேன். பஞ்சு விலை ஏறிப்போச்சுன்னாங்க."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க. காலையில கிளம்பினவங்க" என்றார்.

உள்ளே இலை போட்டார்கள். வேலைக்காரப் பெண் எனக்குப் பரிமாறினாள். சவரிக்குச் சோறு போட்டது அந்த அம்மாதான்.